பசாசு எங்கிருந்து வந்தது?

காணப்படுவனவும் காணப்படாதனவுமாகிய யாவற்றையும் படைத்தவர் கடவுள் என்று ஞானோபதேசத்தின் தொடக்கத்திலேயே படிக்கிறோம். அவர் நன்மையே உருவானவர் என்பதையும் அதே மூச்சில் படிக்கிறோம். அப்படியானால் பசாசைப் படைத்தது யார்? மறைக்கல்வி வகுப்பில் ஆறாம் வகுப்புச் சிறுமி முதல் பள்ளி இறுதி வகுப்பு மாணவி வரை யாராவது ஒருவர் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்டே தீருவார். கேட்பவருக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம், கேள்வி விளையாட்டானதன்று. கடவுளே படைத்தார் என்றால் தீமைக்கு ஊற்று அவரே என்றாகும். அவர் படைக்கவில்லை என்றால் அவருக்கு எதிரே இன்னொரு கடவுள் இருப்பதாகும். இவ்விரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் நமது விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரியே ஆட்டங்கண்டுவிடும். திருச்சபையின் பெரியோர்கள் இக்கேள்வியோடு பல நூற்றாண்டுகள் போராடியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுவே.

வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் முதலில் நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தில் ஏவாளிடம் பேசுவது பாம்பு. அது பசாசு என்றோ, சாத்தான் அதற்குள் புகுந்திருந்தது என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. கடவுள் படைத்த காட்டு விலங்குகளுள் மிகத் தந்திரமுள்ளது என்று மட்டுமே சொல்லப்படுகிறது. பாம்பையும் பசாசையும் நாம் இணைத்தே பழகிவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. பசாசின் பொறாமையினாலேயே சாவு உலகில் நுழைந்தது என்னும் கருத்து ஞானாகமத்தின் 2-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அந்நூலோ கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முந்திய காலத்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. நமது பிரிந்த சகோதரர்களின் வேதாகமத்தில் அது சேர்க்கப்படவில்லை. பழைய பாம்பு என்பதும் பசாசு என்பதும் சாத்தான் என்பதும் ஒன்றே என்று வெளிப்படையாகக் கூறும் நூல் வேதாகமத்தின் கடைசி நூலாகிய காட்சியாகமம். அதாவது, முதல் நூலில் போடப்பட்ட முடிச்சு கடைசி நூலில்தான் அவிழ்கிறது.

சாத்தான் என்ற பெயரின் கதை இன்னும் சுவையானது. எபிரேய மொழியில் அது முதலில் ஒரு பெயரே அன்று. எதிரி, தடுப்பவன், நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டுபவன் என்று பொருள்படும் சாதாரணச் சொல். தாவீதைப் போருக்கு அழைத்துச் சென்றால் அவன் நமக்கே 'சாத்தானாக' மாறிவிடக்கூடும் என்று பிலிஸ்தியத் தலைவர்கள் அஞ்சுகிறார்கள். அங்கே எதிரி என்பதற்கு மேல் பொருளில்லை. எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தில் பாலாம் கழுதைமேல் ஏறிப் போகும்போது ஆண்டவருடைய தூதரே வாளேந்தி வழியை மறித்து நிற்கிறார். அவர் 'சாத்தானாக' நின்றார் என்றே எபிரேய மூலம் சொல்கிறது! தீர்க்கதரிசியின் கண்ணுக்குத் தெரியாத தூதர் கழுதையின் கண்ணுக்குத் தெரிந்தார் என்பது வேறு கதை.

யோபு ஆகமத்தில் வரும் சாத்தானும் நாம் நினைக்கும் சாத்தான் அல்லன். அவன் கடவுளின் திருச்சபையில் மற்றத் தேவபுத்திரர்களோடு வந்து நிற்கிறான். பூமியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறான். யோபுவின் பக்தி உண்மையானதா என்று ஐயம் கிளப்புகிறான். அரசாங்க வழக்கறிஞரைப்போல அவனுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. கடவுள் அனுமதித்த எல்லையை ஓர் அங்குலமும் அவன் தாண்டுவதில்லை. சக்கரியாஸ் ஆகமத்தில் தலைமைக் குரு யோசுவாவின்மேல் குற்றஞ்சாட்ட நிற்பவனும் இத்தகையவனே.

இதிலிருந்து ஒரு மாற்றம் நிகழ்ந்ததை ஓரிடத்தில் நாம் கண்ணாரக் காணலாம். தாவீது அரசர் மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். அது கடவுளுக்கு ஏற்காத செயலாயிற்று. அவரை அதற்குத் தூண்டியது யார்? சாமுவேல் 2-ஆம் நூல் 24-ஆம் அதிகாரம், ஆண்டவருடைய கோபமே தூண்டியது என்கிறது. அதே நிகழ்ச்சியைப் பிற்காலத்தில், பாபிலோன் அடிமைத்தனத்திற்குப் பிறகு எழுதிய நாளாகமத்தின் ஆசிரியர், தூண்டியவன் சாத்தான் என்கிறார். ஒரே சம்பவம், இரண்டு விடைகள். முற்காலத்து இஸ்ராயேலருக்கு, நன்மையோ தீமையோ எல்லாம் ஒரே கடவுளின் கையிலிருந்து வந்தன. போகப் போக, தீமைக்குத் தூண்டுவதைக் கடவுளின்மேல் ஏற்றிச் சொல்ல அவர்கள் மனம் கூசியது. மாணவியர் இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கவேண்டும். வெளிப்படுத்தல் என்பது ஒரே நாளில் கொட்டிய மழையன்று, விடியலைப்போலப் படிப்படியாக வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த அறிஞர்கள் சாத்தான் என்பதற்குத் 'தியாபொலோஸ்' என்று எழுதினார்கள். பழிதூற்றுபவன் என்று அதற்குப் பொருள். தமிழுக்கு வந்த மறைப்பணியாளர்கள் வடமொழியிலிருந்து வழங்கிவந்த 'பசாசு' என்ற சொல்லை எடுத்தாண்டார்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'அலகை' என்னும் சொல் வந்தது. அது புதுச்சொல் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். திருக்குறளில் புல்லறிவாண்மை அதிகாரத்தை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனாரின் பெயருக்கும் இந்தச் சாத்தானுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தமிழ் வகுப்பில் சிரிப்பவர்கள் கவனிக்க!

இனி லூசிபேர் என்ற பெயருக்கு வருவோம். வானத்தில் மிக அழகாய் ஒளிவீசிய சம்மனசு ஒருவன் செருக்கினால் வீழ்ந்தான், அவன் பெயர் லூசிபேர் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது இசையாஸ் ஆகமம் 14-ஆம் அதிகாரத்திலிருந்து பிறந்தது. அங்கே தீர்க்கதரிசி பாடுவது பாபிலோன் அரசனைப் பற்றிய ஓர் ஏளனப்பாட்டு. வானத்திற்கு ஏறி விண்மீன்களுக்கு மேல் என் அரியணையை வைப்பேன், உன்னதருக்கு ஒப்பாவேன் என்று மார்தட்டியவன் பாதாளத்தில் புழுக்களின்மேல் கிடக்கிறான்; நாடுகளை நடுங்கவைத்த மனிதன் இவன்தானா என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவனை விடியற்காலையின் மைந்தனாகிய விடிவெள்ளியே என்று தீர்க்கதரிசி கேலியாக அழைக்கிறார். விடிவெள்ளிக்கு இலத்தீனில் 'லூசிபேர்', ஒளி கொணர்வது என்று பொருள். புனித எரோணிமுஸ் தமது வுல்காத்தா மொழிபெயர்ப்பில் அச்சொல்லை இட்டார். அவ்வளவே. 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பேரறிஞர் ஓரிஜன், மனித அரசன் ஒருவனுக்கு இந்த வருணனை மிஞ்சியது, இது விழுந்த தூதனைக் குறிக்கவேண்டும் என்று வாதிட்டிருந்தார். அவரது விளக்கமும் இலத்தீன் சொல்லும் சேர்ந்து, நாளடைவில் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அதே வுல்காத்தாவில் இராயப்பரின் 2-ஆம் நிருபத்தைத் திறந்தால், நம் இருதயங்களில் உதிக்கும் விடிவெள்ளிக்கும் 'லூசிபேர்' என்ற சொல்லே இருக்கிறது. பாஸ்கா இரவில் பெரிய திரியின் முன் பாடப்படும் பாஸ்காப் புகழுரையின் இலத்தீன் மூலத்திலும், அஸ்தமிக்காத விடிவெள்ளியாகக் கிறிஸ்துவைக் குறிக்க அச்சொல்லே பயன்படுகிறது. இதைக் கேட்டுத் திடுக்கிட வேண்டியதில்லை. 4-ஆம் நூற்றாண்டில் சார்தீனியத் தீவிலுள்ள காலியாரி நகரின் ஆயர் ஒருவருக்கே லூசிபேர் என்று பெயர். ஆரியப் பதிதத்தை எதிர்த்ததற்காக நாடுகடத்தப்பட்டவர் அவர்! பெயரில் தீமை இல்லை.

எசெக்கியேல் 28-ஆம் அதிகாரமும் இதைப் போன்றதே. தீர் நகரத்து அரசன்மேல் பாடிய புலம்பல் அது. கடல் வாணிகத்தால் செல்வம் குவித்து, நானே கடவுள் என்று செருக்கியவன் அவன். ஏதேன் தோட்டத்தில் நவமணிகள் உடுத்திருந்தாய், படைக்கப்பட்ட நாள்முதல் மாசற்றிருந்தாய், பிறகு உன்னில் அக்கிரமம் காணப்பட்டது என்று தீர்க்கதரிசி அவனைப் பார்த்துச் சொல்கிறார். ஓரிஜனும் அவருக்கு முன் தெர்த்தூலியனும் இதைப் பசாசின் வரலாறாக வாசித்தனர். இன்றைய விவிலிய அறிஞர் பலர் இவ்விரு பகுதிகளின் நேர்ப்பொருள் அந்த அரசர்களே என்பர். நமக்கு அது சரியாகவே தோன்றுகிறது. ஆயினும் முன்னோர் செய்தது வீண் கற்பனை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தன்னைக் கடவுளாக்கிக்கொள்ளும் அரசனுக்கும் முதன்முதலில் அப்படி எண்ணியவனுக்கும் உள்ள குடும்பச் சாயலை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

பெண்களாகிய நாம் கவனித்து வாசிக்கவேண்டிய இன்னொரு விளக்கம் உண்டு. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில், தேவபுத்திரர் மனிதரின் புதல்வியர் அழகாயிருக்கக் கண்டு அவர்களை மனைவியராகக் கொண்டனர் என்று சில வரிகள் வருகின்றன. இவ்வரிகளை விரித்து எழுந்ததே ஏனோக்கு என்னும் நூல். எத்தியோப்பியத் திருச்சபை இதை வேதாகமத்தில் சேர்த்துப் போற்றுகிறது. இதன் அரமாய்க் மொழிப் பகுதிகள் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளிலும் கிடைத்துள்ளன. இருநூறு தூதர்கள் பெண்கள்மேல் ஆசைகொண்டு வானத்திலிருந்து இறங்கினார்களாம். அவர்களுள் அசாசேல் என்பவன் ஆண்களுக்கு வாள் செய்யவும், பெண்களுக்கு வளையலும் கண்மையும் செய்யவும் கற்றுக்கொடுத்தானாம். புனித யுஸ்தீன் முதலிய தொடக்ககாலப் பெரியோர் தீய ஆவிகளின் பிறப்பை இக்கதையைக் கொண்டே விளக்கினர்.

இதில் ஓர் ஆபத்து இருந்தது. தூதர்களே வீழ்ந்ததற்குப் பெண்ணின் அழகுதான் காரணம் என்றால், குற்றம் யார் தலையில் விழும்? தெர்த்தூலியன் பெண்களின் அலங்காரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொரு பெண்ணும் ஓர் ஏவாள், பசாசு நுழைந்த வாசல் என்று அதில் கடிந்துரைத்தார். நகையும் சாயமும் விழுந்த தூதர்கள் கற்றுத் தந்தவை என்றார். அவர் மேதைதான், இறுதிக் காலத்தில் திருச்சபையின் ஐக்கியத்தைவிட்டு மொந்தானியர் பக்கம் போனவர் என்பதையும் மறக்கலாகாது. பெண்ணால்தான் உலகில் பாவம் வந்தது என்று இன்றும் வீட்டிலும் பிரசங்கத்திலும் யாராவது சொல்லக் கேட்கிறோம். அப்பேச்சுக்கு இத்தகைய எழுத்துக்கள் உரமிட்டன.

இந்த விளக்கத்தைத் திருச்சபை ஏற்று நிலைநாட்டவில்லை. தேவபுத்திரர் என்பது தூதரையன்று, சேத்தின் வழிவந்த மனிதரையே குறிக்கும் என்று பிற்காலத்தவர் கூறினர். புனித அகுஸ்தினாரும் அவ்வாறே எழுதினார். காரணம் தெளிவானது. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில்தான் தூதர் முதன்முதலில் வீழ்ந்தனர் என்றால், 3-ஆம் அதிகாரத்திலேயே ஏவாளைச் சோதித்தது யார்?

அப்படியானால் வீழ்ச்சி எதனால்? பொறாமையினால் என்றார்கள் சிலர். லியோன் நகர ஆயர் புனித இரேனேயுஸ், கடவுளின் கைவேலையாகிய மனிதன்மேல் தூதன் பொறாமை கொண்டான் என்றார். 258-இல் வேதசாட்சியாய் மரித்த கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானும், பொறாமையைப் பற்றிய தமது நூலில் அதையே சொன்னார். 'ஆதாம் ஏவாள் வாழ்க்கை' என்னும் பழங்கதை நூலில், கடவுளின் சாயலான ஆதாமை வணங்க மறுத்ததால் பசாசு வெளியேற்றப்படுகிறான். குர்ஆனில் இப்லீஸ் ஆதாமுக்குப் பணிய மறுக்கும் வரலாறு நம் இசுலாமியத் தோழியருக்குத் தெரிந்ததே.

புனித அகுஸ்தினார் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். அவருக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் மனிக்கேயரோடு இருந்தவர். பாரசீகத்து மானி என்பவர் 3-ஆம் நூற்றாண்டில் நிறுவிய அந்த மதம், ஒளி ஒன்று இருள் ஒன்று என இரு ஆதி சக்திகள் உண்டு, தீமை என்றென்றும் இருந்துவந்தது என்று போதித்தது. கடவுள்மேல் பழி விழாதபடி செய்ய அது எளிய வழிதான். தான் செய்யும் பாவத்திற்கும் தன்னுள் இருக்கும் இருளே பொறுப்பு என்று சொல்லித் தப்பலாம். அதைவிட்டு வெளியே வந்த அகுஸ்தினார், தீமை என்பது படைக்கப்பட்ட பொருளே அன்று, நன்மையின் குறைவு என்று கண்டார். விளக்கை மறைத்தால் நிழல் விழுகிறது. நிழலை யாரும் செய்து வைக்கவில்லை. பொறாமையைப் பற்றியும் அவர் ஒரு நுட்பம் சொன்னார். பிறர் உயர்வைக் கண்டு ஒருவன் வயிறெரிவது ஏன்? முதலில் தன் உயர்வையே அவன் காதலித்ததால். ஆகவே செருக்கு முந்தியது, பொறாமை அதன் பிள்ளை. ஒளி உண்டாகட்டும் என்று கடவுள் சொன்னபோதே தூதர்களும் உண்டாயினர், ஒளியை இருளினின்று பிரித்தபோது நல்லவரும் கெட்டவரும் பிரிந்தனர் என்றும் அவர் கருதினார். ஆதியாகமத்தில் தூதரின் படைப்பு ஏன் சொல்லப்படவில்லை என்பதற்கு இது அவர் கண்ட விடை. அழகான விடை, கட்டாயமான விடையன்று.

மனிக்கேயரின் கருத்து வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தது. ஸ்பெயின் தேசத்தில் பிரிஸில்லியானைப் பின்பற்றியோருக்கு எதிராக 561-இல் பிராகா சங்கம், பசாசும் முதலில் கடவுளால் நல்ல தூதனாகவே படைக்கப்பட்டது என்று அறிக்கையிட்டது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சு நாட்டின் தென்பகுதியில் கத்தார்கள் என்பார், இவ்வுலகையும் நம் உடலையும் படைத்தது தீய சக்தியே என்றனர். உடல் தீயது என்றால் திருமணம் தீயது, பிள்ளைப்பேறு தீயது என்றாகிவிடும். 1215-இல் மூன்றாம் இன்னொசென்ட் பாப்பரசர் கூட்டிய நான்காம் லாத்தரான் பொதுச் சங்கம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பசாசும் மற்றத் தீய ஆவிகளும் இயல்பில் நல்லவர்களாகவே கடவுளால் படைக்கப்பட்டனர், தாங்களாகவே தீயவர்களாயினர். ஆறாம் வகுப்புச் சிறுமியின் கேள்விக்கு விடை இந்தச் சிறு அறிக்கையில் இருக்கிறது. கடவுள் படைத்தது பசாசையன்று, ஒரு தூதனை. அவன் தன்னைப் பசாசாக்கிக்கொண்டான். எப்போது, எத்தனை பேர், பெயர் என்ன என்பவற்றையெல்லாம் சங்கம் சொல்லவில்லை.

என்ன பாவம் என்பதைப் புனித அக்குவினா தோமையார் ஆராய்ந்தார். தூதருக்கு உடல் இல்லை. ஆகையால் போசனப்பிரியமோ மோக பாவமோ அவர்களுக்கு இயல்பாக வராது. ஆவிக்கு இருக்கக்கூடிய பாவங்கள் செருக்கும் பொறாமையுமே. கடவுளைப்போல் ஆவது தன்னளவில் தவறன்று. நம்மை அழைத்திருப்பதும் அதற்கே. அதைக் கொடையாகப் பெறாமல் தன் சொந்த வல்லமையால் அடைய விரும்பியதே பாவம் என்கிறார் அவர். பரிசாகத் தரவிருந்ததைப் பறித்துக்கொள்ளப் போனான் என்று நாம் எளிமையாகச் சொல்லலாம்.

காட்சியாகமம் 12-ஆம் அதிகாரத்துப் போரைப் பற்றியும் ஒரு சொல். மிக்கேல் அதிதூதர் பறவைநாகத்தோடு போரிட்ட காட்சியை உலகத் தோற்றத்துக்கு முந்தியதாகவே படங்களில் காண்கிறோம். அதிகாரத்தை வரிசையாக வாசித்தால், கதிரவனை ஆடையாக அணிந்த பெண்மணி ஆண்பிள்ளையைப் பெற்றெடுத்து, அப்பிள்ளை கடவுளிடம் எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகே போர் வருகிறது. ஆகவே கிறிஸ்துவின் வெற்றியினால் பசாசு தோற்றதையே அருளப்பர் முதலாவதாகக் காட்டுகிறார் என்று பலர் கருதுகின்றனர். லூக்காஸ் 10-இல் ஆண்டவர், சாத்தான் மின்னலைப்போல் விழக் கண்டதாகச் சொல்வதும், சீடர்கள் மறைப்பணி முடித்து மகிழ்ச்சியோடு திரும்பிய வேளையில்தான். ஆவிகள் அடங்குவதைப் பற்றி மகிழவேண்டாம், உங்கள் பெயர்கள் வானகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்று உடனே பேச்சை மாற்றிவிடுகிறார். பேயோட்டும் கதைகளிலேயே ஆர்வம் காட்டுவோருக்கு அவர் அன்றே சொன்ன பதில் இது.

கடைசியாக, வகுப்பில் வரும் இன்னொரு கேள்வி. பசாசு மனம் வருந்தினால் கடவுள் மன்னிப்பாரா? கேட்பவளின் நல்ல மனம் அதில் தெரிகிறது. இறுதியில் யாவும் கடவுளிடம் திரும்பிச் சேரும் என்று ஓரிஜன் எண்ணினார். நிஸ்ஸா நகரப் புனித கிரகோரியாரிடமும் அந்நம்பிக்கையின் சாயல் உண்டு. ஓரிஜனின் பெயரோடு சேர்ந்த அக்கருத்தை 543-இல் கொன்ஸ்தாந்திநோபிளில் திருச்சபை நிராகரித்தது. மனிதருக்குச் சாவு எப்படியோ தூதருக்கு வீழ்ச்சி அப்படி, அதன்பின் மனமாற்றம் இல்லை என்று தமாஸ்கு நகர அருளப்பர் விளக்கினார். கடவுளின் இரக்கம் குறைந்ததால் அன்று. தூதர் நம்மைப்போல் துண்டு துண்டாக அறிவதில்லை. முழுவதையும் ஒரே பார்வையில் அறிந்து தெரிந்துகொள்கிறார்கள். அதனால் அவர்கள் தெரிவு திரும்பாதது. நாமோ பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும், சோர்ந்தும், ஏமாந்தும் தவறுகிறோம். பிறகு புரிந்துகொண்டு திரும்புகிறோம். ஏவாள் ஏமாற்றப்பட்டாள் என்றே ஆதியாகமம் சொல்கிறது. பாம்புக்குச் சாபம் இட்ட அதே அதிகாரத்தில், ஆதாமுக்கும் ஏவாளுக்கும் கடவுளே தோலாடை செய்து உடுத்துகிறார்.

இன்றைய இஸ்தான்புல் நகரில், ஒருகாலத்தில் கோரா மடத்து ஆலயமாயிருந்து இப்போது மசூதியாக உள்ள கட்டடத்தில், 1315-க்கும் 1321-க்கும் இடையில் தீட்டிய ஒரு சுவரோவியம் இருக்கிறது. உயிர்த்த கிறிஸ்து பாதாளத்தின் வாயில்களை மிதித்து நிற்கிறார். உடைந்த பூட்டுகளும் சாவிகளும் சிதறிக் கிடக்க, அவர் காலடியில் ஒருவன் கட்டுண்டு கிடக்கிறான். கிறிஸ்து அவனைப் பார்க்கவில்லை. ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லறையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறார்.